கன்னிப் பிறப்பும் தெய்வத்தன்மையும் ஒரே கேள்வியா? முதல் ஐந்து நூற்றாண்டுகளின் கிறித்தவ வழக்குகள்

ஏட்டுச்சுவடி:

கிறிஸ்துவின் பிறப்பைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் மாறி மாறி முன்வைக்கப்படுகின்றன. 325ஆம் ஆண்டு வரை இயேசு வெறும் மனிதராகவே மதிக்கப்பட்டார் என்றும், நிசேயாவில் கூடிய ஆயர்களைக் கொண்டு பேரரசர் கான்ஸ்டன்டைன் அவரைக் கடவுளாக்கினார் என்றும் ஒரு சாரார் சொல்கின்றனர். தொடக்க நாள் முதல் கிறித்தவர் அனைவரும் ஒரே நம்பிக்கையில் நின்றனர், மாறுபட்ட கருத்துகள் எல்லாம் பின்னாளில் வெளியிலிருந்து புகுந்த தப்பறைகளே என்று மறுசாரார் சொல்கின்றனர். எஞ்சியிருக்கும் ஏடுகளை வரிசையாகப் படித்தால் இரண்டுமே நிற்கவில்லை.

இயேசு கன்னியிடம் பிறந்தாரா என்பது ஒரு கேள்வி. அவர் எத்தகையவர், எப்போதிலிருந்து கடவுளின் மகன் என்பது இன்னொரு கேள்வி. இவ்விரண்டையும் நாம் இன்று ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறோம். முதல் ஐந்து நூற்றாண்டுகளில் அவை தனித்தனியே எழுந்தன. கன்னிப் பிறப்பை ஏற்று அவரை மனிதர் மட்டுமே என்றவர்களும் இருந்தார்கள், அவரைக் கடவுள் என்று போற்றி அவர் பிறந்ததையே மறுத்தவர்களும் இருந்தார்கள். இதை விளங்கிக்கொள்ளாமல் அக்கால வழக்குகளில் ஒன்றையும் சரியாகப் புரிந்துகொள்ள இயலாது என்பது என் கருத்து.

புதிய ஏற்பாட்டிலிருந்தே தொடங்கலாம். நம் கைக்கு வந்துள்ள கிறித்தவ எழுத்துகளில் மிகப் பழையவை 50களில் எழுதப்பட்ட பவுலின் கடிதங்கள். கலாத்தியருக்கு எழுதியதில் கடவுள் தம் மகனை அனுப்பினார், அவர் பெண்ணிடம் பிறந்தார் என்கிறார் பவுல். அந்தப் பெண்ணின் பெயரையோ கன்னிமையையோ குறிப்பிடவில்லை. உரோமையர் கடிதத்தின் தொடக்கத்தில் இயேசு உடலின்படி தாவீதின் மரபினர் என்றும், உயிர்த்தெழுந்ததால் வல்லமையுள்ள இறைமகனாக நிலைநாட்டப்பட்டவர் என்றும் எழுதுகிறார். அதே பவுல்தான் பிலிப்பியர் கடிதத்தில், கடவுளின் வடிவில் விளங்கியவர் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவெடுத்தார் என்னும் பாடலைத் தருகிறார். நிசேயாவுக்கு ஏறத்தாழ இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாடல் இருந்திருக்கிறது. 112ஆம் ஆண்டளவில் பித்தினியா மாநில ஆளுநராக இருந்த பிளினி, கிறித்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளைப் பாடுவது போலப் பாடுகின்றனர் என்று பேரரசர் திராயானுக்கு எழுதினார். அவர் கிறித்தவர் அல்லர், அவர்களைத் தண்டித்துக்கொண்டிருந்தவர்.

நற்செய்தி நூல்களுக்கு வருவோம். மாற்கு பிறப்பைச் சொல்லவே இல்லை. யோர்தான் ஆற்றங்கரையில் வளர்ந்த மனிதராகவே இயேசு அறிமுகமாகிறார். மத்தேயுவும் லூக்காவும் கன்னிப் பிறப்பைச் சொல்கின்றனர், ஆனால் அக்குழந்தை பிறக்கும் முன்பே கடவுளோடு இருந்தவர் என்று அவர்கள் வெளிப்படையாகப் பேசவில்லை. யோவானோ தொடக்கத்தில் வாக்கு இருந்தது, அது கடவுளாய் இருந்தது, அது மனிதர் ஆனது என்று உயர்ந்த நிலையில் தொடங்குகிறார், கன்னிப் பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டு கேள்விகளும் புதிய ஏற்பாட்டிலேயே தனித்தனி நூல்களில் நிற்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கலங்கரை:

ஐயா, பொறுமையாக எழுதியமைக்கு நன்றி. ஆனால் ஓர் ஆசிரியர் ஒன்றைச் சொல்லவில்லை என்பதால் அதை அவர் அறியவில்லை என்றோ மறுத்தார் என்றோ முடிவு கட்டுவது சரியன்று. பவுல் தமது நிருபங்களில் இயேசுவின் உவமைகளைக்கூட எடுத்துரைப்பதில்லை. அவர் சபைகளின் சச்சரவுகளைத் தீர்க்க எழுதினாரே தவிர, வாழ்க்கை வரலாறு எழுதவில்லை.

மேலும் அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறையிலேயே இரண்டு சத்தியங்களும் ஒரே மூச்சில் அறிக்கையிடப்பட்டன. அந்தியோகியாவின் கண்காணியாகிய (ஆயராகிய) இக்னேஷியஸ், மரண தண்டனைக்காக ரோமாபுரிக்குக் கொண்டுசெல்லப்பட்ட வழியில் சிமிர்னா சபைக்கு எழுதும்போது, கர்த்தர் மாம்சத்தின்படி மெய்யாகவே தாவீதின் சந்ததியில் தோன்றியவர், மெய்யாகவே கன்னிகையினிடத்தில் பிறந்தவர், பொந்தியு பிலாத்துவின் காலத்தில் மெய்யாகவே ஆணிகளால் அறையப்பட்டவர் என்று எழுதுகிறார். எபேசு சபைக்கு எழுதியதில் ஒரே வைத்தியர் உண்டு, அவர் மாம்சமும் ஆவியுமானவர், பிறந்தவரும் பிறவாதவருமானவர் என்கிறார். ஆகவே நீங்கள் சொல்லும் பிரிவு சபைக்குள் இருந்ததில்லை என்றே எண்ணுகிறேன். கிறிஸ்துவை விசுவாசித்துக்கொண்டே கன்னிப் பிறப்பை மறுத்தவர்கள் யார் என்று காட்ட முடியுமா?

ஏட்டுச்சுவடி:

நண்பர் கலங்கரை அவர்களுக்கு. மௌனம் மறுப்பாகாது என்பதை முழுமையாக ஏற்கிறேன். பவுல் மறுத்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய விசுவாசம் அந்தச் செய்தியின் மேல் கட்டப்படவில்லை என்பதே நான் காண்பது.

உங்கள் கேள்விக்கான சான்று 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மறைச்சாட்சியாக இறந்த யுஸ்தினிடமே இருக்கிறது. திரிபோ என்னும் யூதரோடு நிகழ்ந்த உரையாடலாக அவர் எழுதிய நூலில், நம் இனத்தவருள் சிலர் இயேசுவை மெசியா என்று ஒப்புக்கொண்டு, அவர் மனிதரிடமிருந்து பிறந்த மனிதரே என்கின்றனர், அவர்களோடு நான் உடன்படவில்லை என்று குறிப்பிடுகிறார். அவர் வசைபாடவில்லை, வெளியேற்ற வேண்டும் என்று கோரவும் இல்லை. உடன்படவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். முப்பது ஆண்டுகள் கழித்து லியோன் நகர ஆயர் இரனேயு எழுதும்போது இதே கருத்தினர் எபியோனியர் என்னும் பெயரோடு தப்பறையாளர் பட்டியலில் சேர்ந்துவிடுகின்றனர். அவர்கள் மத்தேயு நற்செய்தியை மட்டும் பயன்படுத்தினர், பவுலைத் திருச்சட்டத்தைக் கைவிட்டவர் என்று ஒதுக்கினர், விருத்தசேதனத்தையும் யூத வழக்கங்களையும் கைக்கொண்டனர் என்கிறார் இரனேயு.

3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய இறையியலாளர் ஒரிஜன் தரும் குறிப்பு இன்னும் நுட்பமானது. எபியோனியருள் இரு வகையினர் உண்டு, ஒரு வகையினர் இயேசு கன்னியிடம் பிறந்தார் என்று நம்மைப் போலவே ஏற்கின்றனர், மறுவகையினர் மற்ற மனிதரைப் போலப் பிறந்தார் என்கின்றனர் என்று அவர் எழுதினார். வரலாற்றாசிரியர் யூசேபியுவும் இதை உறுதிசெய்து, கன்னிப் பிறப்பை ஏற்ற பிரிவினர்கூட அவர் முன்பே கடவுளாகவும் வாக்காகவும் இருந்ததை ஏற்கவில்லை என்று சேர்க்கிறார். ஒரே சிறு குழுவுக்குள்ளேயே இரண்டு கேள்விகளுக்கும் வெவ்வேறு விடைகள் இருந்திருக்கின்றன.

பைசாந்தியத்திலிருந்து 190ஆம் ஆண்டளவில் உரோமைக்கு வந்த தியோதோத்து என்னும் தோல் தொழிலாளியை இங்கே நினைவுகூர வேண்டும். கிரேக்கக் கல்வி மிக்கவர். தந்தையின் திட்டத்தால் இயேசு கன்னியிடம் பிறந்தார் என்பதை அவர் தயக்கமின்றி ஏற்றார். ஆனாலும் அவர் எல்லோரையும் போல வாழ்ந்த, எல்லோரிலும் பக்தி மிக்க மனிதர் என்றும், திருமுழுக்கின்போது கிறிஸ்து புறா வடிவில் அவர்மேல் இறங்கிய பிறகே அற்புதங்கள் நிகழ்ந்தன என்றும் போதித்தார். அவருடைய சீடருள் ஒரு சாரார் இயேசு ஒருபோதும் கடவுளாகவில்லை என்றனர், மற்றவர் உயிர்த்தெழுந்த பின் கடவுளானார் என்றனர். உரோமை ஆயர் விக்டர் அவரைச் சபையிலிருந்து விலக்கினார்.

திருமுழுக்கை இப்படிப் பிடித்துக்கொள்ள அவர்களுக்குக் காரணம் இருந்தது. லூக்கா நற்செய்தியில் யோர்தானில் கேட்ட குரல், நம் விவிலியங்களில் "நீயே என் அன்பார்ந்த மகன்" என்ற போக்கில் இருக்கிறது. பேசா என்னும் பழைய கையெழுத்துச் சுவடியிலும் பழைய இலத்தீன் படிகள் சிலவற்றிலும் அதே இடத்தில் "நீ என் மகன், இன்று நான் உன்னைப் பெற்றெடுத்தேன்" என்னும் திருப்பாடல் தொடர் நிற்கிறது. யுஸ்தினும் இந்த வடிவத்தையே மேற்கோள் காட்டுகிறார். கடவுள் இயேசு என்னும் மனிதரைப் பின்னர் மகனாக ஏற்றார் என்னும் தத்தெடுப்புக் கொள்கையினர் அல்லர் அவர் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆகவே இந்தத் தொடரைப் படித்த எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை.

மருதநிலா:

இதுவரை எழுதியவர்கள் இயேசுவின் தெய்வத்தன்மையைக் குறைத்தவர்களைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். அவருடைய மனிதத்தன்மையைக் குறைத்தவர்களே தொடக்கத் திருச்சபைக்குப் பெரிய நெருக்கடியாக இருந்தனர் என்பதைச் சொல்லியாக வேண்டும். கலங்கரை ஐயா மேற்கோள் காட்டிய இஞ்ஞாசியாரின் (இக்னேஷியஸின்) வரிகளில் "மெய்யாகவே" என்பது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? இயேசு துன்புற்றது போலத் தோன்றினார், உண்மையில் துன்புறவில்லை என்று சொன்ன கிறித்தவர்கள் அந்தச் சபைகளுக்குள்ளேயே இருந்தனர். இயேசு கிறிஸ்து ஊனுடலில் வந்ததை ஏற்காதவர்களைக் கண்டிக்கும் யோவானின் கடிதங்களும் இதே சூழலைக் காட்டுகின்றன.

இவர்களுள் மிகப் பெரிய செல்வாக்குப் பெற்றவர் கருங்கடல் கரையிலுள்ள சினோப்பே நகரைச் சேர்ந்த மார்சியோன். கப்பல் உரிமையாளர். உரோமைச் சபைக்கு அவர் இரண்டு இலட்சம் செஸ்தர்ஸ் நன்கொடை அளித்தார். 144ஆம் ஆண்டு அவரை விலக்கியபோது சபை அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. படைத்த கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்பது அவர் போதனை. படைப்பே தாழ்ந்தது என்றால் இரத்தமும் தசையுமான பிறப்பு எப்படி இறைமகனுக்குத் தகும்? எனவே அவர் பயன்படுத்திய நற்செய்தியில் பெத்லகேமும் இல்லை, மரியாவின் கருவும் இல்லை. திபேரியு ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டில் கிறிஸ்து நேரே கப்பர்நாகுமுக்கு இறங்கி வருகிறார்.

2ஆம் நூற்றாண்டு ஆசிரியர் வாலண்டைனின் வழியினர் இன்னும் நயமாகப் பேசினர். குழாய் வழியே நீர் செல்வது போல அவர் மரியா வழியே வந்தார், அவரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றனர். சொல்லளவில் இவர்களும் கன்னிப் பிறப்பை ஏற்றவர்களே. மார்சியோனின் மாணவராக இருந்து விலகிய அப்பெல்லே, கிறிஸ்துவுக்கு உண்மையான உடல் உண்டு, ஆனால் அது பிறப்பால் வந்ததன்று, விண்மீன்களின் பொருளிலிருந்து எடுக்கப்பட்டது என்றார்.

இவர்கள் அனைவருக்கும் கார்த்தேசு நகரத் தெர்த்துல்லியன் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளித்த பதிலைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. கிறிஸ்துவின் உடலைப் பற்றிய தம் நூலில் அவர் கருவறையின் குருதியையும் நீரையும், பேறுகால வேதனையையும், அழுக்கோடு வெளிவரும் குழந்தையையும் எதையும் மறைக்காமல் விவரிக்கிறார். போற்ற வேண்டிய இந்த இயற்கையை நீ அருவருக்கிறாயே மார்சியோன், நீ எப்படிப் பிறந்தாய், பிறக்கும் மனிதனை வெறுக்கிறவன் எந்த மனிதனை அன்பு செய்வாய் என்று கேட்கிறார். கிறிஸ்து மனிதனை அன்பு செய்தார் என்றால் அவன் பிறக்கும் வகையையும் சேர்த்தே அன்பு செய்தார் என்பது அவர் வாதம். பிறப்பைப் பற்றிய இந்தப் போராட்டம் மீட்பைப் பற்றியது. பிறக்காதவர் இறக்க முடியாது, இறக்காதவர் உயிர்த்தெழவும் முடியாது.

இந்த உறுதியினாலேயே தெர்த்துல்லியன், மரியா கன்னியாகக் கருவுற்றார், ஆனால் பிள்ளைப்பேற்றில் மற்றப் பெண்களைப் போலவே கருப்பை திறந்து பெற்றார் என்றும் எழுதினார். மறுபுறம், 2ஆம் நூற்றாண்டில் யாக்கோபின் பெயரால் வழங்கிய முதல் நற்செய்தி என்னும் நூல், குகையில் ஒளிமேகம் சூழக் குழந்தை தோன்றியதையும், நம்பாமல் சோதித்த சலோமியின் கை தீப்பட்டது போல விழுந்து பின் குணமானதையும் சொல்கிறது. மரியாவின் பெற்றோர் யோவாக்கிம், அன்னா என்பதும் இந்த நூலிலிருந்தே நமக்கு வந்தது. பேறுகாலத்துக்குப் பின்னும் மருத்துவச்சி மரியாவைக் கன்னியாகவே கண்டார் என்று சிலர் சொல்வதாக அலெக்சாந்திரியாவின் கிளமெந்து குறிப்பிடுகிறார். அவர் காலத்தில் அது இன்னும் எல்லோரின் கருத்தாகவில்லை என்பதும் அக்குறிப்பிலேயே தெரிகிறது. இதே கிளமெந்து, ஆண்டவருக்கு உணவு தேவைப்படவில்லை, தம்மை மாயை என்று சீடர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே உண்டார் என்றும் எழுதியிருக்கிறார். இயேசுவின் உடல் வெறும் தோற்றமே என்னும் மாயத்தோற்றக் கொள்கைக்கும் ஏற்கப்பட்ட போதனைக்கும் இடையிலிருந்த வரப்பு அக்காலத்தில் அவ்வளவு தெளிவாக இல்லை.

வினவுநன்:

நான் எந்தச் சமயத்தையும் பின்பற்றுபவன் அல்லன், வரலாற்று ஆர்வத்தில் படித்து வருகிறேன். இரண்டு ஐயங்கள். மார்சியோன், எபியோனியர் ஆகியோரைப் பற்றி நீங்கள் தருவன எல்லாம் அவர்களின் எதிரிகள் எழுதியவை. அவற்றை எவ்வளவு தூரம் நம்புவது? இரண்டாவது, நிசேயாவில் கான்ஸ்டன்டைன் எதையும் உருவாக்கவில்லை என்றால் அங்கே என்னதான் தீர்மானிக்கப்பட்டது? பேரரசர் கூட்டிய சபையில் பேரரசரின் விருப்பம் செல்லாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஏட்டுச்சுவடி:

முதல் ஐயம் முற்றிலும் நியாயமானது. மார்சியோனின் நூல் ஒன்றும் எஞ்சவில்லை. எபியோனியரின் நற்செய்தியில் சில துணுக்குகளே எபிபானியு என்பவர் வழியாகக் கிடைத்துள்ளன, அதுவும் பிறப்பில்லாமல் திருமுழுக்கிலிருந்தே தொடங்கியது. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கண்டெடுக்கப்பட்ட காப்டிக் சுவடிகள் வாலண்டைன் வழியினரின் குரலை ஓரளவு நேரடியாகக் கேட்க வழிசெய்தன. மற்றவர்களைப் பொறுத்தவரை, ஒன்றையொன்று சாராத எதிரிகள் ஒரே செய்தியைச் சொல்கிறார்களா, அந்தச் செய்தி எதிரிக்கே இடைஞ்சலாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏற்க வேண்டியிருக்கிறது. எபியோனியருள் ஒரு சாரார் கன்னிப் பிறப்பை ஏற்றனர் என்று ஒரிஜன் சொல்வது அவருடைய வாதத்துக்கு எந்த வகையிலும் உதவவில்லை. அதனாலேயே அதை நம்புகிறேன்.

நிசேயாவுக்கு வருவோம். அலெக்சாந்திரியாவில் மூப்பராக இருந்த ஆரியு மறுத்தது எதை? கன்னிப் பிறப்பை அன்று. இயேசுவின் தெய்வத்தன்மையைக்கூட அவர் ஒரேயடியாக மறுக்கவில்லை. நிக்கொமேதியா ஆயர் யூசேபியுவுக்கு எழுதிய கடிதத்தில், மகன் காலங்களுக்கு முன்பே இருந்தவர், முழுக் கடவுள், மாறாதவர் என்கிறார். ஆனால் பிறப்பிக்கப்படுமுன் அவர் இல்லை, அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்றும் கூறுகிறார். மரியாவிடம் பிறந்ததற்கும் இந்த வழக்குக்கும் தொடர்பே இல்லை. தந்தையிடமிருந்து மகன் பிறப்பது தொடக்கமற்றதா, தொடக்கமுள்ளதா என்பதே கேள்வி. என்றுமுள்ள பிறப்பு என்று ஒரிஜன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பேசியிருந்தார். ஆகவே நிசேயாவில் கூடியவர்களுள் எந்தத் தரப்பும் இயேசு வெறும் மனிதர் என்று வாதிடவில்லை.

மகன் தந்தையோடு ஒரே பொருளினர் என்று நிசேயா அறிக்கையிட்டது. அந்தச் சொல்லை ஏற்பதில் ஆயர்கள் பலருக்குத் தயக்கம் இருந்தது. அது விவிலியத்தில் இல்லாத சொல். தந்தையும் மகனும் ஒருவரே என்ற சபெல்லியுவின் கருத்துக்கு அது இடம்கொடுக்கும் என்ற அச்சமும் இருந்தது. போதாக்குறைக்கு, சமோசாத்தா பவுலை அந்தியோக்கு ஆயர் பொறுப்பிலிருந்து நீக்கிய 268ஆம் ஆண்டு ஆயர்கள் சங்கம் அதே சொல்லை நிராகரித்திருந்தது என்று 4ஆம் நூற்றாண்டு ஆயர்களான அத்தனாசியும் ஹிலரியும் பதிவுசெய்கின்றனர். பேரரசர் முன்னிலையில் ஏறத்தாழ எல்லோரும் கையெழுத்திட்டனர் என்பது உண்மை. லிபியாவைச் சேர்ந்த தெயோனா, செக்குந்து என்னும் இரண்டு ஆயர்கள் மட்டுமே இறுதிவரை மறுத்து ஆரியுவோடு நாடு கடத்தப்பட்டனர். பேரரசின் அழுத்தம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த அழுத்தம் எந்தப் பக்கம் நின்றது என்று அடுத்த ஐம்பது ஆண்டுகளைப் பார்த்தால் தெரியும். சில ஆண்டுகளிலேயே கான்ஸ்டன்டைன் நிக்கொமேதியா யூசேபியுவைத் திரும்ப அழைத்தார். நிசேயாவின் காவலராகிய அத்தனாசியை 335இல் திரியர் நகருக்கு நாடு கடத்தியவரும் அவரே. 337இல் இறக்கும் தறுவாயில் அவர் திருமுழுக்குப் பெற்றது ஆரியுவின் நண்பரான அதே யூசேபியுவின் கையால். மகன் கான்ஸ்டன்டியு நிசேயா அறிக்கையை ஓரங்கட்ட ஆட்சிக்காலம் முழுவதும் பாடுபட்டார். உலகம் முழுவதும் தான் ஆரியுவின் கொள்கைக்கு மாறியிருப்பதைக் கண்டு முனகி வியந்தது என்று ஜெரோம் எழுதியது இந்தக் காலத்தைப் பற்றியே. பேரரசரின் விருப்பமே எல்லாவற்றையும் முடிவுசெய்திருந்தால் இன்று நாம் ஓதும் நம்பிக்கை அறிக்கை வேறாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 325ஆம் ஆண்டு அறிக்கையில் மரியாவின் பெயரே இல்லை. இறங்கி வந்தார், உடலெடுத்தார், மனிதரானார், பாடுபட்டார் என்று அது விரைந்து செல்கிறது. தூய ஆவியாலும் கன்னி மரியாவிடமிருந்தும் உடலெடுத்தார் என்னும் சொற்கள் 381ஆம் ஆண்டுக் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தோடு இணைந்த அறிக்கையில்தான் இடம்பெறுகின்றன. உரோமைத் திருச்சபையின் பழைய திருமுழுக்கு அறிக்கையில் கன்னி மரியா முன்பே இருந்தார். நிசேயாவின் வழக்குக்கு அது தேவைப்படவில்லை.

கலங்கரை:

ஆரியுவைப் பற்றிய விளக்கம் ஏற்புடையது. 381ஆம் ஆண்டுச் சங்கத்தைச் சொன்னீர்கள், அங்கே கண்டிக்கப்பட்ட லவோதிக்கேயாவின் அப்பொலினாரியுவையும் குறிப்பிட வேண்டும். அவர் ஆரியுவின் எதிரி, நிசேயாவின் நண்பர். கிறிஸ்துவுக்கு மனித சரீரம் உண்டு, ஆனால் மனித அறிவின் இடத்தில் தேவ வார்த்தையே இருந்தார் என்றார். அதற்கு நாசியான்சு கிரெகோரி, கர்த்தர் எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவில்லை என்று பதில் எழுதினார். நம் சரீரம் மட்டுமா பாவத்தில் விழுந்தது, நம் மனமும் அல்லவா விழுந்தது? தெர்த்துல்லியன் கருவறைக்காகப் பேசியதை கிரெகோரி மனித மனத்துக்காகப் பேசினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து எபேசு சங்கத்துக்குத்தான் நாம் வருவோம் என்று நினைக்கிறேன். மரியாளைத் தேவனுடைய தாய் என்று அழைப்பதில் எங்கள் சபையில் பலருக்கு மனத்தடை உண்டு. நெஸ்தோரியு அதை எதிர்த்ததில் நியாயம் இருந்ததா என்று யாரேனும் விளக்கினால் நன்று.

மருதநிலா:

ஐயா, உங்கள் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பட்டம் மரியாவின் பெருமையைக் கூட்டுவதற்காக எழுந்ததன்று. அவரிடம் பிறந்த குழந்தை யார் என்பதே அங்கு வழக்கு. மார்ட்டின் லூத்தரும் இந்தப் பட்டத்தை ஏற்றவரே. அலெக்சாந்திரியா ஆயர் அலெக்சாந்தர் 324ஆம் ஆண்டளவிலேயே கடிதத்தில் இதை இயல்பாகக் கையாள்கிறார்.

நெஸ்தோரியு 428இல் கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயரானார். கடவுளுக்குத் தாய் என்றால் தெய்வத்தன்மைக்கே மரியாவிடம் தொடக்கம் இருப்பதுபோல ஆகிவிடும், மனிதத்தன்மையோ தெய்வத்தன்மையில் கரைந்துவிடும் என்று அவர் அஞ்சினார். கிறிஸ்துவின் தாய் என்று சொல்வதே பாதுகாப்பு என்றார். ஆரியுவும் அப்பொலினாரியுவும் ஏற்படுத்திய காயங்கள் ஆறாத அந்தியோக்கு மரபில் வளர்ந்தவருக்கு அந்த அச்சம் நியாயமானதே. அலெக்சாந்திரியா ஆயர் சிரிலோ வேறோர் ஆபத்தைக் கண்டார். நெஸ்தோரியுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், முதலில் சாதாரண மனிதர் ஒருவர் கன்னியிடம் பிறந்து பின்னர் வாக்கு அவர்மேல் இறங்கவில்லை, கருவறையிலேயே வாக்கு உடலோடு ஒன்றித்தார் என்று எழுதுகிறார். இந்த வரியைத் தோல் தொழிலாளி தியோதோத்துவின் போதனையோடு வைத்துப் பாருங்கள். இரு நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த கேள்வியே மீண்டும் வந்து நிற்கிறது என்று சிரில் கருதினார். நெஸ்தோரியு அப்படிப் போதித்தாரா என்பது வேறு செய்தி. அவருடைய தற்காப்பு நூல் ஒன்று சிரியாக் மொழியில் கிடைத்து 1910இல் அச்சானது. அதைப் படித்த அறிஞர் பலர் அவர்மேல் சுமத்தப்பட்ட இரு மகன்கள் கொள்கை அவருடையதன்று என்று முடிவுசெய்தனர்.

எபேசில் நடந்த முறை வருந்தத்தக்கது, இதை ஒரு கத்தோலிக்கப் பெண்ணாகவே சொல்கிறேன். அந்தியோக்கு யோவானும் அவரோடு வந்த ஆயர்களும் வந்து சேருமுன்பே 431 ஜூன் 22 அன்று சிரில் சங்கத்தைத் தொடங்கி, அன்றே நெஸ்தோரியுவைப் பதவி நீக்கினார். சில நாள்களில் வந்து சேர்ந்த யோவான் தனிச் சங்கம் கூட்டிச் சிரிலைப் பதவி நீக்கினார். அரண்மனை அதிகாரிகளுக்குச் சிரில் தரப்பு அனுப்பிய விலையுயர்ந்த அன்பளிப்புகளின் பட்டியல்கூட எஞ்சியிருக்கிறது. 433இல் சிரிலும் யோவானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். தெய்வத்தன்மையில் தந்தையோடு ஒரே பொருளினர், மனிதத்தன்மையில் நம்மோடு ஒரே பொருளினர் என்று அதில் எழுதப்பட்டது. நாடு கடத்தப்பட்ட நெஸ்தோரியு எகிப்தின் பாலைவனத்தில் இறந்தார்.

அதன்பின் யூத்திக்கே என்னும் துறவி, கிறிஸ்துவின் உடல் நம் உடலோடு ஒரே பொருளானது என்று சொல்லத் தயங்கினார். பிறப்பை மெய்யென்று நிறுவ இஞ்ஞாசியார் காலத்தில் தொடங்கிய போராட்டத்தை மறுபடியும் நடத்த வேண்டியதாயிற்று. 451இல் கல்செதோனில் கூடிய சங்கம், உரோமை ஆயர் லியோவின் கடிதத்தையும் சிரிலின் கடிதங்களையும் ஏற்று, ஒரே கிறிஸ்து இரு இயல்புகளில் கலவாமலும் மாறாமலும் பிரியாமலும் பிளவுபடாமலும் அறியப்படுகிறார் என்று அறிக்கையிட்டது. எகிப்து, ஆர்மீனியா, சிரியா நாட்டுச் சபைகள் பல இதை ஏற்கவில்லை. அவர்கள் பற்றிக்கொண்டது, உடலெடுத்த கடவுளாகிய வாக்கின் ஒரே இயல்பு என்னும் சிரிலின் தொடரை. அத்தனாசி எழுதியது என்று சிரில் நம்பிய அந்தத் தொடர், உண்மையில் அப்பொலினாரியுவின் வட்டத்தில் எழுதப்பட்டு அத்தனாசியின் பெயரில் உலவியது. ஆனாலும் காப்டிக் சபையினரை அப்பொலினாரியர் என்றோ யூத்திக்கேயர் என்றோ சொல்வது அநீதி. அவர்கள் யூத்திக்கேயையும் கண்டிக்கிறார்கள்.

வினவுநன்:

நெஸ்தோரியுவைப் பின்பற்றியவர்கள் தென்னிந்தியாவுக்கு வந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அது உண்மையா?

ஏட்டுச்சுவடி:

வந்தது பாரசீகப் பேரரசில் வளர்ந்த கீழைத் திருச்சபை. அது நெஸ்தோரியு நிறுவிய சபை அன்று, 410லேயே செலூக்கியா–தெசிபோனில் தன் சங்கத்தைக் கூட்டிய சபை. அந்தியோக்கு மரபின் ஆசிரியரான மொப்சுவெஸ்தியா தியோதோரே அதன் முதன்மை உரையாசிரியர். நெஸ்தோரியுவுக்கு இழைக்கப்பட்ட தண்டனையை அது ஏற்க மறுத்தது, அதனால் அவர் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய அலெக்சாந்திரிய வணிகர் கோஸ்மா, மிளகு விளையும் மலபாரில் கிறித்தவர்கள் இருப்பதையும், இலங்கையில் குடியேறிய பாரசீகக் கிறித்தவர்களுக்குப் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட குரு இருப்பதையும் குறிப்பிடுகிறார். சென்னைப் பரங்கிமலையிலுள்ள கற்சிலுவையின் எழுத்துகள் பாரசீகத்தின் பகலவி மொழியில் அமைந்தவை. 1599இல் கேரளத்தின் உதயம்பேரூரில் போர்ச்சுகீசியப் பேராயர் மெனேசிசு கூட்டிய சங்கம், நெஸ்தோரியுவின் பெயரை வழிபாட்டிலிருந்து நீக்கி, சிரியாக் நூல்கள் பலவற்றை எரிக்கச் செய்தது. எபேசின் தீர்ப்பு ஆயிரத்து நூற்றறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து நம் அண்டை ஊரில் நிறைவேற்றப்பட்டது என்பதை நினைக்க வேதனையாக இருக்கிறது.

1994 நவம்பர் 11 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அசீரியக் கீழைத் திருச்சபையின் முதுபெரும் தந்தை நான்காம் மார் தின்காவும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, கடவுளின் தாய் என்பதும் நம் கடவுளும் மீட்பருமான கிறிஸ்துவின் தாய் என்பதும் ஒரே நம்பிக்கையின் முறையான வெளிப்பாடுகளே என்று ஏற்றது.

கலங்கரை:

இவ்வளவையும் படித்த பின்னும் ஓரிடத்தில் நான் உங்களோடு வேறுபடுகிறேன், ஐயா. கன்னிப் பிறப்பை மறுத்த எபியோனியரும் செரிந்துவும் இறுதியில் இயேசுவை மனிதராக மட்டுமே கண்டனர். மார்சியோன் பிறப்பையே மறுத்தார், அவருக்கு மெய்யான இரட்சகர் இல்லாமற்போனார். ஆகவே கன்னிகையினிடத்தில் பிறந்தார் என்னும் அறிக்கையே இரு பக்கத்துத் தவறுகளுக்கும் வேலியாக நின்றது. கன்னிகை என்பது அவர் தேவனிடமிருந்து வந்தவர் என்பதையும், பிறந்தார் என்பது அவர் மனிதர் என்பதையும் காத்தன. கேள்விகள் இரண்டாக இருக்கலாம், சபையின் வாழ்வில் அவற்றைப் பிரிக்க முடியவில்லை.

ஏட்டுச்சுவடி:

இஞ்ஞாசியாரும் இரனேயுவும் அந்த அறிக்கையை நீங்கள் சொல்லும் விதமாகவே பயன்படுத்தினர் என்பதை ஏற்கிறேன். செரிந்துவைப் பற்றியும் நீங்கள் சொல்வது சரி. யோசேப்புக்கும் மரியாவுக்கும் பிறந்த இயேசுமேல் கிறிஸ்து இறங்கி, பாடுகளுக்கு முன் பிரிந்து சென்றார் என்பது அவர் போதனை.

ஆனால் வேலி தனியாக நின்றபோது அது ஒருவரையும் தடுக்கவில்லை. தியோதோத்து அதற்குள்ளே நின்றே இயேசுவை மனிதர் மட்டும் என்றார். ஆரியு அதற்குள்ளே நின்றே மகனுக்குத் தொடக்கம் உண்டு என்றார். வாலண்டைன் வழியினர் கன்னி என்ற சொல்லையும் வைத்துக்கொண்டு உடலை மறுத்தனர். 7ஆம் நூற்றாண்டில் குர்ஆன் தன் 19ஆம் அத்தியாயத்தில் மரியா கன்னியாகவே இயேசுவைப் பெற்றதை மிகுந்த மரியாதையோடு எடுத்துரைத்து, அதே இடத்திலேயே இறைவனுக்கு மகன் இருப்பதை மறுக்கிறது. எபேசிலும் கல்செதோனிலும் கூடிய ஆயர்கள் எல்லோரும் கன்னிப் பிறப்பை நம்பியவர்கள், இருந்தும் அங்கிருந்து மூன்று திருச்சபைக் குடும்பங்களாகப் பிரிந்து சென்றார்கள்.